கத்தியும் கத்தரிக்கோலும்

அந்த அலுவலகத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். இயக்குநரை ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் 'ஒண்ணு' என்றார்கள். மனிதனின் அறிவு ஒன்றே ஒன்று, அதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த டாக்டரை 'எட்டு' என்றார்கள். அறிவில் எட்டு வகை உண்டு, ஒரே எண்ணில் அடைப்பது அநியாயம் என்பது அவர் கட்சி.

"ஒண்ணு வந்தாச்சா?"

"அப்பவே வந்தாச்சு. எட்டுதான் இன்னும் காணோம்."

முன்மேசை அக்காவும் காவலாளியும் காலையில் இப்படிப் பேசிக்கொள்வார்கள். புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏதோ பஸ் நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அங்கே அறிவுச் சோதனை எடுக்கும் வேலையில் ஒருத்தி இருந்தாள். அறிவியல் படித்த பெண். நாலு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதி வைத்த கேள்வியை எழுதி வைத்தபடி வாசித்தால் போதும், சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லித்தான் வேலை கொடுத்தார்கள். இதைவிட நமக்குத் தோதான வேலை உலகத்தில் இருக்க முடியாது என்று அன்றைக்கு நினைத்தாள்.

ஒண்ணு தன் ஊழியர்கள் எல்லோரையும் அளந்து வைத்திருந்தார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவள் கதவுக்கு வெளியே தயங்கி நின்றால், "உள்ள வா, நூத்தி இருபத்தொண்ணு" என்பார். முன்மேசை அக்காவின் எண்ணை மட்டும் சொல்ல மாட்டார். கண்ணைச் சிமிட்டுவார். சொன்னால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

எட்டு அப்படியெல்லாம் செய்ய மாட்டார். எல்லோரையும் "அம்மா", "ஐயா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஆனால் சோதனை அறையின் ஒரு சுவரில் கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்ளே இருப்பவருக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி. பின்னால் இருக்கும் இருட்டறையில் நிற்பவருக்கு ஜன்னல். எட்டு அங்கே நின்று நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். தினமும் காலையில் அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது அவள் வேலை. ஒரு வட்டம் நெற்றி. அதற்குக் கீழே மூக்கு. துணியில் மஞ்சளாக ஒட்டும். துடைத்த பிறகு எவ்வளவு சோப்பு போட்டுக் கழுவினாலும் கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகப் பிடிக்காது.

அந்தப் பெண் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. உடுப்புத் தைக்கும் ஆலையில் பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நாளெல்லாம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புருஷன் விபத்தில் போய்விட்டான். குழந்தையை எங்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மாமியாரும் கொழுந்தனும் குழந்தைகள் நல அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார்கள். காரணம் ஒரே வரி: இவளுக்குப் புத்தி மட்டு, பிள்ளை வளர்க்கத் தெரியாது. அலுவலகம் அவளை இங்கே அனுப்பியது. எழுபதோ அதற்கு மேலோ வந்தால் குழந்தை அம்மாவிடம். எழுபதுக்குக் கீழே போனால் மாமியாரிடம்.

பேச்சு கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது அவளுக்கு. கேட்டதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு பிறகு பதில் சொன்னாள். பள்ளிக்கூடத்தை எந்த வகுப்போடு விட்டாள் என்று கேட்டதற்கு, "அது என்னை விட்டுடுச்சு" என்றாள். சிரிப்புக்குச் சொன்னாளா, நிஜமாகவே அப்படித்தானா என்று தெரியவில்லை.

குழந்தையை முன்மேசை அக்காவிடம் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். சோதனையில் பல பகுதிகள். கட்டைகளை அடுக்குவது, எண்களைத் திருப்பிச் சொல்வது, படத்தில் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது. எல்லாம் சுமாராகப் போயின. பிறகு ஒற்றுமைப் பகுதி வந்தது. இரண்டு பொருளைச் சொல்லி, அவை எந்த வகையில் ஒன்றுபோல இருக்கின்றன என்று கேட்க வேண்டும். எளிதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகும். அடுத்தடுத்து மூன்று பூஜ்யம் விழுந்தால் அந்தப் பகுதியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

"கத்தி, கத்தரிக்கோல். இவை எந்த வகையில் ஒன்றுபோல இருக்கின்றன?"

பிசிறு வெட்டுகிறவள் யோசித்தாள். "ரெண்டையும் பிள்ளைக்கு எட்டாத இடத்துல வைக்கணும்."

கருவிகள் என்றால் இரண்டு மதிப்பெண். வெட்டும் என்றால் ஒன்று. மற்றதெல்லாம் பூஜ்யம். சோதனை எடுப்பவள் பூஜ்யம் போட்டாள்.

"ஏணி, படிக்கட்டு."

"பிள்ளை ஏறினா பக்கத்துல ஆள் நிக்கணும்."

பூஜ்யம்.

"மெழுகுவர்த்தி, மின்விளக்கு."

"ரெண்டையும் அணைச்சுட்டுத்தான் தூங்கணும். மெழுகுவர்த்திய முக்கியமா."

பூஜ்யம். "நன்றி. இந்தப் பகுதி முடிந்தது" என்று எழுதி வைத்தபடி வாசித்தாள். பிசிறு வெட்டுகிறவளின் முகம் மலர்ந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டதால் நன்றாகச் செய்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கூட்டிப் பார்த்தாள். அறுபத்தெட்டு.

வெளியே முன்மேசை அக்கா மேசையைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறையாகத் தேடிக்கொண்டிருந்தாள். "என் கத்தரிக்கோல எவ எடுத்தா? காலையில இங்கதான வச்சேன். இந்த ஆபீஸ்ல ஒரு பொருள் வச்ச இடத்துல இருக்கா?"

"நான்தாங்கக்கா" என்றாள் பிசிறு வெட்டுகிறவள். "வந்தப்பவே எடுத்து பீரோ மேல வச்சேன். பாப்பா கைய நீட்டுச்சு."

"சொல்லிட்டு வைக்கக் கூடாதாம்மா? அரை மணி நேரமா நான் பல்லால கவர் கிழிச்சுக்கிட்டு இருக்கேன்."

குழந்தையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு பிசிறு வெட்டுகிறவள் திரும்பினாள். "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கத்தி, கத்தரிக்கோல் கேட்டீங்களே. அதுக்குச் சரியான பதில் என்ன?"

பதில் சொல்லக்கூடாது என்பது விதி. அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"ரெண்டும் வெட்டும்னுதான் முதல்ல வாயில வந்துச்சு. நாளெல்லாம் அதாலதானே வெட்டுறேன். அது யாருக்குத்தான் தெரியாது? அதைப் போயா இவ்வளவு பெரிய ஆபீஸ்ல கூப்பிட்டு வச்சுக் கேப்பாங்க, வேற ஏதோ கேக்குறாங்கன்னு நெனச்சேன். பிள்ளைய வளர்க்கத் தெரியுமான்னு பாக்கத்தானே வரச் சொன்னாங்க? அதான் பிள்ளைக்குத் தக்கன சொன்னேன்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ் போயிடும்க்கா, கிளம்புங்க" என்றாள். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவர்கள் போனதும் தன் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள். நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன தாள். அதில் அச்சிட்டிருந்த மாதிரிப் பதில்கள் சிலவற்றுக்குப் பக்கத்தில் 'கே' என்று ஒரு எழுத்து இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் அது என்ன என்று பயிற்சி கொடுத்தவரைக் கேட்டிருக்கிறாள். "அது ஒண்ணுமில்ல, கண்டுக்காத" என்றிருந்தார். இப்போது பீரோவைத் திறந்து மூலப் புத்தகத்தை எடுத்தாள். யாரும் தொட்டதில்லை, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துப் படித்தாள். 'கே' என்று குறித்த வகைப் பதில் வந்தால், சோதிப்பவர் "வேறு எந்த வகையில்?" என்று ஒரு தடவை கட்டாயம் கேட்க வேண்டும். கேட்காமல் பூஜ்யம் போட்டால் சோதனை செல்லாது.

ஆபத்து, ஜாக்கிரதை பற்றிய பதில்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'கே' இருந்தது.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒண்ணுவின் அறைக்குப் போனாள். அவர் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். அது நனைந்து அறுந்து டம்ளருக்குள் விழுந்தது. விரலை விட்டுத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சார், நாம 'வேறு எந்த வகையில்'னு கேக்கறதே இல்ல."

"கேக்கறதில்ல. நான்தான் எடுத்துட்டேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே." விரலைச் சப்பினார். "ஒவ்வொரு பதிலுக்கும் கேட்டுக்கிட்டு இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு மேல முடியாது. வெளிய வரிசை நிக்குது, பாத்தியா?"

"அப்ப எல்லா எண்ணும் தப்பாகுமே சார்."

"நூத்தி இருபத்தொண்ணு, நல்லாக் கேட்டுக்க. ஒருத்தருக்கு மட்டும் குறைச்சாத்தான் அது குறை. எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைச்சா அது முறை."

தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய் ஒரு தடவை சிரித்தார். பல் இடுக்கில் பிஸ்கட் மாவு. "இத்தனை வருஷமா அனுப்பின ரிப்போர்ட்ட எல்லாம் திரும்ப வாங்கச் சொல்றியா? திங்கக்கிழமை விசாரணை. நீதான் போகணும். சோதனை விதிப்படி நடந்ததான்னு ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. தலைய ஆட்டிட்டு வா. உனக்குத்தான் பேசவே வராதே, நல்லதாப் போச்சு."

டாக்டராவது கேட்பார் என்று நினைத்தாள். ஏழை எளியவர்களுக்காக மேடையில் கண் கலங்குகிறவர். அவர் அறையில் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். அவர் கண்கள் பளபளத்தன.

"நான் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேம்மா. என்ன அழகான பதில்கள்! வெள்ளிக்கிழமை அந்த மனுஷனோட எனக்கு விவாதம் இருக்கு, தெரியுமில்ல? அந்தப் பொண்ணு பதில்களைத்தான் திரையில போடப்போறேன். தாய்மை அறிவு! இவங்க தராசு அதுக்கு சைபர் போடுது!"

"டாக்டர், 'வேறு எந்த வகையில்'னு கேட்டிருந்தா சைபரே வந்திருக்காது. வெட்டும்னு அவங்களுக்குத் தெரியும். எழுபதைத் தாண்டியிருப்பாங்க."

அவர் முகம் வாடியது. கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தார். பிறகு அவள் தோளில் கை வைத்தார். ஈரமான கை.

"இதை வெள்ளிக்கிழமை வரைக்கும் உன்னோட வச்சுக்கம்மா. எழுபத்திச் சொச்சம்னா யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டாங்க. அறுபத்தெட்டுதான் பேசும்."

"அவங்க பிள்ளை போயிடும் டாக்டர்."

"போனாத்தானே இந்த முறை எவ்வளவு கொடுமைன்னு ஜனங்களுக்குப் புரியும்?"

அவள் தோளை மெதுவாக விலக்கிக்கொண்டாள். கழிப்பறைக்குப் போய்த் தோளில் தண்ணீர் அடித்துக் கழுவினாள். ரவிக்கை நனைந்து சாயங்காலம் வரை காயவில்லை.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஒண்ணு பேசினார்: அறிவு ஒரு விளக்கு, எந்த அறையில் வைத்தாலும் அதே வெளிச்சம். எட்டு பேசினார்: அறிவு ஒரு சாவிக்கொத்து, ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. அப்புறம் திரையில் இரண்டு கைகள் வந்தன. நூலைப் பிடித்திருந்த கை, கத்தரிக்கோல் பிடித்திருந்த கை. ஆலைக்கே ஆளனுப்பிப் படம் எடுத்திருக்கிறார். முகம் தெரியவில்லை என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. கீழே ஒவ்வொன்றாகப் பதில்கள். 'ரெண்டையும் பிள்ளைக்கு எட்டாத இடத்துல வைக்கணும்.' கூடம் உச்சுக்கொட்டியது. எட்டு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பலத்த கைதட்டல்.

ஒண்ணு எழுந்தார். "நண்பரோட கண்ணீரும் ஒரு அறிவுதான்னா ஒன்பதாச் சேத்துக்கட்டும்" என்றார். அதற்கும் பலத்த கைதட்டல்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அப்ப அறிவுன்னா என்னதான் சார்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல கேள்வி என்று இரண்டு பேருமே சொன்னார்கள். நேரம் முடிந்துவிட்டது.

வெளியே டீ கொடுத்தார்கள். ஒண்ணுவும் எட்டும் ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்தார்கள். "அந்தக் கையைப் போட்ட பாரு, அங்க என்னைச் சாய்ச்சுட்டய்யா" என்று ஒண்ணு அவர் முதுகில் தட்டினார். எட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். வாயில் இருந்த பிஸ்கட் தூள் ஒண்ணுவின் சட்டையில் தெறித்தது. அவர் அதைத் தட்டிவிட்டு இவரோடு சேர்ந்து சிரித்தார்.

அவள் டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை விசாரணை அறை. ஒரு நீள மேசை, வேகமாகச் சுற்றி மெதுவாகக் காற்று விடும் ஒரு மின்விசிறி. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியம்மா. இந்தப் பக்கம் மாமியாரும் கொழுந்தனும். ஒரு நாற்காலி தள்ளி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிசிறு வெட்டுகிறவள். குழந்தைக்குப் புதுச் சட்டை. ஒரு பிசிறு இல்லை.

"பாட்டிகிட்ட வாடி என் கண்ணு" என்று மாமியார் கையை நீட்டினாள். குழந்தை போகவில்லை. "பாத்தீங்களா, பிள்ளைய எப்படிப் பழக்கி வச்சிருக்கா? இதுக்கு மட்டும் புத்தி நல்லா வேலை செய்யும்." சொல்லும்போதே கிழவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் மகன் முகம்மா அது. அப்படியே அவன் முகம்."

கொழுந்தன் குனிந்து அண்ணியிடம், "என்ன அண்ணி, எத்தனை மார்க்கு? பாஸா?" என்றான். அவள் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

அதிகாரியம்மா ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். "அறுபத்தெட்டு." பேனாவைத் திறந்தார். "நீங்கதான் எடுத்தீங்களா? சோதனை விதிப்படி நடந்ததா?"

தலையை ஆட்டிவிட்டால் போதும். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. மின்விசிறி சுற்றியது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஆயுளில் இதுவரை இத்தனை கண்கள் ஒன்றாக அவளைப் பார்த்ததில்லை.

"இல்ல" என்றாள்.

"என்னது?"

"விதிப்படி நடக்கலம்மா. அடுத்து ஒரு கேள்வி கேக்கணும். நான் கேக்கல. எங்க ஆபீஸ்ல யாரும் கேக்கறதில்ல." புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்தை விரித்து மேசை மேல் தள்ளினாள். அது அதிகாரியம்மாவின் தண்ணீர் டம்ளரில் போய் இடித்தது.

அதிகாரியம்மா படித்தார். எரிச்சலோடு நிமிர்ந்தார். "சரி. கேட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?"

"சொல்ல முடியாதும்மா."

"உத்தேசமா?"

வீட்டில் உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டுத்தான் பார்த்திருந்தாள். எழுபத்து நாலு. நிறுத்தாமல் போயிருந்தால் அடுத்த கேள்விகளுக்கு இவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தானே கற்பனை செய்து, தானே மதிப்பெண் போட்டு வந்த எண். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இந்த நிமிஷமே வழக்கு முடியும். குழந்தை அம்மாவோடு. அதிகாரியம்மாவின் பேனா காகிதத்துக்கு மேலே காத்துக்கொண்டு நின்றது. நாய்க்கு எலும்பைக் காட்டினால் அதன் மூக்கு நிற்குமே, அப்படி.

எழுபத்து நாலு. பிசிறு வெட்டுகிறவளை எப்போதைக்கும் அந்த எண்ணாலேயே கூப்பிடுவார்கள். உள்ள வா, எழுபத்து நாலு.

"உத்தேசமாச் சொன்னா அதுவே நம்பர் ஆயிடும்மா. எனக்குத் தெரியாது."

"தெரியாம எதுக்கு வந்தீங்க?" அதிகாரியம்மா புத்தகத்தைத் தள்ளினார். "இது செல்லாது. இதே சோதனைய ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப எடுக்கவும் கூடாதுன்னு இருக்கு. எண் இல்லாம நான் என்ன எழுத? ஒரு வருஷம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் பிள்ளை தாய்கிட்டயே இருக்கட்டும்." பேனாவை மூடினார். பிசிறு வெட்டுகிறவள் மெதுவாக எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்: "பாத்தாலே தெரியுது. இதுக்கு ஒரு பரீட்சை வேற."

படிக்கட்டில் இறங்கும்போது அவள் கைப்பேசி அடித்தது. ஒண்ணு. செய்தி அதற்குள் போயிருந்தது.

"நூத்தி இருபத்தொண்ணு" என்றார். கோபம் இல்லை, சுருதி சுத்தமான நிதானம். "உன்னை நான் சரியா அளக்கலைன்னு நெனக்கிறேன். நாளைக்கு வா, திரும்ப ஒரு தடவை பாத்துடுவோம்."

பின்னணியில் யாரோ சிரித்தார்கள். எட்டாகத்தான் இருக்க வேண்டும். அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

வாசலில் பிசிறு வெட்டுகிறவள் காத்திருந்தாள். குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே கேட்டாள்: "டீச்சரம்மா, அந்தம்மா பேசினது எனக்குப் பாதிதான் விளங்குச்சு. நான் ஃபெயிலா?"

"இல்லக்கா. அந்தப் பரீட்சையே கெட்டுப்போச்சு."

"நான் கெடுத்துட்டேனா?"

"இல்லக்கா, நாங்க. பாப்பா உங்ககூடத்தான் இருக்கும். அடுத்த வருஷம் திரும்பக் கூப்பிடுவாங்க."

பிசிறு வெட்டுகிறவள் இதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சாலையில் லாரி ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போனது. குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். புகை போனதும் முந்தானையை எடுத்தாள்.

"அடுத்த வருஷமும் கத்தி, கத்தரிக்கோல்தான் கேப்பீங்களா?"

அவள் கையிலிருந்த புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"கேட்டா வெட்டும்னு சொல்லிடுறேன். ஏணின்னா ஏறலாம். மெழுகுவர்த்தின்னா வெளிச்சம். சரியா?" விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். இரண்டாம் தடவை இன்னும் வேகமாகச் சொன்னாள். மூன்றாம் தடவை தடங்கலே இல்லை. "வெட்டும், ஏறலாம், வெளிச்சம். பிள்ளைக்கு எட்டாத இடத்துல வைக்கணும்னு மட்டும் சொல்லக் கூடாது. இல்லையா டீச்சரம்மா?"

"சொல்லக் கூடாதுக்கா" என்றாள்.

வாயெல்லாம் கசந்துகொண்டு வந்தது. தெருவில் துப்பியே பழக்கமில்லாதவள், சுவரோரமாக ஒதுங்கித் துப்புவதற்கு இடம் தேடினாள்.